மனோர் பார்க்கில் சிவம் படித்த கவிதை

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வெம்பிளி பார்க்கில் ஜூபிலி ரயில் ஏறினேன். பாண்ட் ஸ்ட்ரீட்டில் எலிசபெத் லைனுக்கு மாறினால் மனோர் பார்க்; ஒரு மணி நேரப் பயணம். அங்கே கவியரங்கத்துக்கு நான் தலைமை. திருச்சியிலிருந்து மகளைப் பார்க்க வந்தவனைப் பிடித்திருக்கிறார்கள் என்றால், வேறு ஆள் அகப்படவில்லை போலும்.

ஸ்டேஷனில் சிவம் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே பஸ் ஓட்டுகிறார். இன்றுதான் முதல்முறையாக மேடையில் கவிதை படிக்கப் போகிறார். வந்த புதிதில், பொங்கலன்று, அவரும் மனைவியும் பக்கத்து வீட்டுக்குத் தட்டு கொண்டுபோனார்களாம். அந்த வீட்டுப் பெண்மணி, "உங்கள் நாட்டுக்கே போங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாராம். அதுதான் கவிதை.

பதினொரு மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்ததும் சிவத்தின் முகம் மாறியது. முன்வரிசையில் கைத்தடியோடு ஒரு வெள்ளைக்கார மூதாட்டி உட்கார்ந்திருந்தார்.

"மார்கரெட்டைக் கூப்பிட்டது ஆர்?"

"நான்தான்," என்றார் அவர் மனைவி வசந்தி. "தெருவில எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னனான். பக்கத்து வீட்டை மட்டும் விட்டா மரியாதையே?"

"கடவுளே! கவிதையே அவவைப் பற்றித்தானே!"

வீடு வீடாகப் போய் அழைக்கும் வழக்கம் இப்படிக் காலை வாரும் என்று யார் கண்டார்கள்! சிவம் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, வேற ஏதும் வாசிக்கட்டோ? என்ர மகள் வேற ஒவ்வொரு வரியையும் இங்கிலிசில சொல்லப்போறாள்."

"இத்தனை வருஷம் மனசுல வச்சிருந்தீங்க. படிங்க சிவம்," என்றேன். எனக்கென்ன, சொல்லிவிட்டுப் போகிறவன்.

படித்தார். தமிழில் ஒரு வரி, மகள் குரலில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கதவு சாத்திய இடம் வந்ததும் மார்கரெட் தலை குனிந்துகொண்டார். கைதட்டல் ஓய்ந்த பிறகு தடியை ஊன்றி எழுந்தார்.

"அந்தக் கதவு என்னுடையது," என்றார் ஆங்கிலத்தில். "வெட்கமாக இருக்கிறது. தட்டில் என்ன இருந்தது?"

சிவம் மனைவியைப் பார்த்தார். வசந்திதான், "சர்க்கரைப் பொங்கல்," என்றார்.

"சூடாக இருந்ததா?"

"ஓம்," என்றார் வசந்தி, தமிழிலேயே. மகள் மொழிபெயர்க்கவில்லை. சிவம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். மார்கரெட்டைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போன வருடம் திருச்சியில் எங்கள் மேல்வீட்டுக்குக் குடிவந்த பீகார்ப் பெண், ஏதோ பண்டிகையன்று மூடிய பாத்திரத்தோடு வந்து மணி அடித்தாள். கதவுத் துளை வழியாகப் பார்த்தேன், திறக்கவில்லை. பாத்திரத்தில் என்ன இருந்தது என்று இதுவரை நான் கேட்கவில்லை.