குடியை விட்டவரோடு போர்தோ ஆற்றுக் கப்பலில்

போன செப்டம்பரில் நானும் என் வீட்டுக்காரரும் பிரான்சில் போர்தோ பக்கம் ஆற்றுக் கப்பலில் ஒரு வாரம் போய்வந்தோம். உலகத்துக்கே ஒயின் அனுப்புகிற சீமை அது. அவரோ குடியை விட்டு ஆறு வருஷம் ஆனவர். உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்கத் தோன்றினால், தாராளமாகக் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் என் நாத்தனார் கேட்டாயிற்று.

காரணம் சொல்கிறேன். அவர் பெயர் அருள். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். குடியை விட்டபோது, உன் ஊருக்கே வந்து நன்றி சொல்கிறேன் என்று லூர்து மாதாவிடம் வேண்டிக்கொண்டார். நான் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். இருபது வருஷமாக நின்றுகொண்டே வேலை. எனக்கு வேண்டுதல் கிண்டுதல் எதுவும் இல்லை, ஆசைதான்: நான் உட்கார்ந்திருக்க வேண்டும், ஊர் நகர வேண்டும். பிரான்சில் இருக்கிற லூர்துக்குக் கிட்டத்தில் அப்படி ஒரு கப்பல் தேடினால் போர்தோதான் வந்து நின்றது. எங்கள் கல்யாணத்துக்கு வெள்ளி விழா வருஷம் வேறு.

விஷயத்தைச் சொன்ன அன்று நாத்தனார் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். "குடிய வுட்ட மனுசன கூட்டினு போயி, ஒயின் ஊர்லயே எறக்கி வுடுறீங்களே அண்ணி?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அதே பயம் எனக்கும் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே திரும்பிப் போக நான் தயாராக இல்லை.

எங்கள் லைனில் புதுப் பாகம் எதுவும் ஓடுவதற்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து, எங்கெங்கே தப்பு நடக்கலாம் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் முதலிலேயே ஒரு தடுப்பு போட்டுவிடுவோம். இந்தப் பயணத்துக்கும் அதையேதான் செய்தேன். விமானத்தில் நடைபாதைப் பக்கத்து சீட்டு எனக்கு, சரக்குத் தள்ளுவண்டி வந்தால் நான் பேசிக்கொள்வேன். கப்பலில் சாப்பாட்டோடு ஒயின் டிக்கெட்டிலேயே சேர்த்தி, வேண்டாம் என்றாலும் காசு குறைக்க மாட்டார்கள். எங்கள் மேஜையில் ஒயின் கிளாஸே வைக்காதீர்கள் என்று எழுதினேன். அறைக் குளிர்பெட்டியைக் காலி செய்யச் சொன்னேன். ஒயின் செய்கிற மாளிகைகளைச் சுற்றிக் காட்டும்போது, ருசி பார்க்கும் அறை வருவதற்கு முன்பே வெளியே வர வழி உண்டா என்று கேட்டு வைத்தேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அருள், நான் என்ன ரிஜெக்ட் பீஸா என்று சிரித்தார்.

போக்குவரத்து சுலபம்தான். சேரப்பணஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். வளைகுடாவில் விமானம் மாறி பாரிஸ். அங்கிருந்து போர்தோவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம், போர்தோவிலிருந்து லூர்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். கப்பல் கட்டணம் ஆளுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆனது. முதலில் லூர்தில் இரண்டு ராத்திரி தங்கினோம். மாதா காட்சி கொடுத்த குகை, அந்தக் கெபி முன்னால் அவர் அழுதார். நானும் அழுதேன். வேண்டுதல் தீர்ந்த நிம்மதியில் போர்தோவுக்குத் திரும்பிக் கப்பல் ஏறினோம்.

அந்த ஆறு ஒரு வேடிக்கை. கடல் ஏறும்போது தண்ணீர் பின்பக்கமாக ஓடுகிறது! கலரும் புது வெள்ளம் வந்த ஏரி மாதிரி செம்மண் கலர். கப்பல் கிளம்பும் நேரம் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மாறும். காலத்துக்கும் பஸ் டைமிங்கில் வாழ்ந்த அருளுக்கு இது பொறுக்கவில்லை, தினமும் போய் நேரத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கரையிலும் திராட்சைத் தோட்டம், அறுவடை நேரம். ஒயின் மாளிகையில் நாங்கள் வெளியே வருகிற வழியில் எட்டிப் பார்த்தால், வாய் நிறைய ருசி பார்த்துவிட்டு வாளியில் துப்புகிறார்கள். துப்புவதற்கா இத்தனை பாடு என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் எங்களுக்குத் திராட்சை ஜூஸ் வந்தது. போட்ட தடுப்பு ஒவ்வொன்றும் வேலை செய்தது. எனக்குக் கொஞ்சம் திமிரே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிளாய் என்ற ஊரில் கப்பல் நின்றது. பெரிய கோட்டை இருக்கிற சின்ன ஊர். அங்கே சர்ச்சில் பூசைக்குப் போனோம். பத்துப் பதினைந்து பேர்தான். நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வரிசையில் அருள் முன்னால், நான் பின்னால். சாமியார் அவர் கையில் அப்பம் கொடுத்தார். பக்கத்தில் ஓர் அம்மா, திராட்சை ரசக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினார். பூசையில் வைக்கிற ரசம் ஜூஸ் இல்லை, ஒயினேதான்.

நம் கோயிலில் சனங்களுக்கு அப்பம் மட்டும்தான். அந்தக் கிண்ணம் எங்கள் கைக்கு வந்ததே கிடையாது. ஊரெல்லாம் தடுப்பு போட்ட எனக்குக் கோயிலுக்குப் போடத் தோன்றவே இல்லை. சட்டையைப் பிடித்து இழுக்கலாமா? ஆண்டவருடைய இரத்தத்தை வாங்காதே என்று தடுக்க நான் யார்? அருளின் இரண்டு கையும் கிண்ணம் வரைக்கும் போனது. அப்புறம் அந்தக் கைகளைத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டு, தலை வணங்கி, நகர்ந்துவிட்டார். அந்த அம்மாவும் சாதாரணமாகத் தலையசைத்தார். நானும் அதேபோல் செய்துவிட்டு அவர் பின்னால் போனேன்.

பூசை முடிந்து ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அருள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மத்த எடத்துல எல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்ல, ஸ்டெல்லா. அது சரக்குன்னு தெரியும். இங்க, 'சாமியே குடுக்குது, வாங்கிக்கடா'ன்னு உள்ள ஒருத்தன் சொன்னான். அவன் இன்னும் கீறான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் ஒயின் மாளிகைக்கு எல்லோரும் போக, நாங்கள் கப்பலின் மேல்தளத்திலேயே இருந்துவிட்டோம். எங்கள் ஊர்ப் பக்கம் படப்பையில் குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசினார்.

போக நினைப்பவர்களுக்கு: விசாவுக்குச் சென்னையிலேயே விண்ணப்பிக்கலாம், மூன்று மாதம் முன்னாலேயே நாள் வாங்கிவிடுங்கள். செப்டம்பரில் போனால் அறுவடை பார்க்கலாம், ஆயுத பூஜைக்கும் திரும்பிவிடலாம். மேல்தளத்தில் காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குடியை விட்டவரோடு போகிறீர்கள் என்றால் கப்பல்காரர்களிடம் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள், கோயிலையும் மறக்காதீர்கள். அப்பம் மட்டும் வாங்கினாலே முழு நன்மைதான் என்று எங்கள் பங்குச் சாமியார் பிறகு சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆறு வருஷமும் அவர் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், செருப்பை எடுத்து வைக்கிற சாக்கில் கிட்டப்போய் வாசனை பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும், ஒரு நாளும் கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அதை விட்டுவிட்டேன். உள்ளே ஒருத்தன் இருக்கிறான் என்று தானே வாய் திறந்து சொல்கிற மனுஷனை மோந்து பார்க்க வேண்டியதில்லை.