டெபிட் நோட்டுக்குப் பீஸ் எங்கே?

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். டெபிட் நோட் என்றால் என்ன என்று கல்லூரியில் சொன்னது சுலபம்: வந்த சரக்கில் குறை இருந்தால், அதற்கான தொகையை உங்கள் பில்லில் கழிக்கிறோம் என்று தெரிவிக்கும் காகிதம். கம்பெனியில் அதன் பயன்பாடு வேறு. மேலே யார் சொதப்பினாலும் நஷ்டத்தைக் கீழே தள்ள உதவும் சறுக்குமரம் அது. அதற்கு எண்ணெய் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒருமுறை முதலாளி மலிவான சாயப்பட்டறையைத் தேடிப் போனதில் துணி பன்னிரண்டு நாள் தாமதம். கப்பலைத் தவறவிட்டு, டி-ஷர்ட் முழுவதையும் விமானத்தில் அனுப்பினோம். அந்தச் செலவைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டிச்சிங் யூனிட் மேல போட்டுருங்க. அறுநூறு பீஸ் ஊசி ஓட்டைன்னு எழுதுங்க."

"செக்கிங் ரிப்போர்ட்டுங்க?"

"அதையும் நீங்களே எழுதுங்க. புஸ்தகமெல்லாம் படிக்கிறவரு, நல்லா வரும்."

நன்றாகவே வந்தது.

தைத்துக் கொடுத்தவர் சரோஜா. பன்னிரண்டு மெஷின் வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் செய்பவர். சனிக்கிழமை மதியம் டெம்போவோடு வந்து நின்றார். அன்று மாலை அவருடைய டெய்லர்களுக்கும் உதவியாட்களுக்கும் வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணத்தைத்தான் நான் கழித்திருந்தேன்.

"ஏனுங்க, அறுநூறு பீஸ் ரிஜெக்ட்னு கழிச்சிருக்கீங்க. சரிங்க. அப்ப அந்தப் பீஸ் என்னுதுங்க. எடுத்துக் கொடுங்க, ஏத்திட்டுப் போறேன்."

ஊர் வழக்கம் அதுதான். முழு விலையையும் கழித்துவிட்டால் பீஸ் தைத்தவருக்குச் சொந்தம், குறையுள்ள சரக்கு என்று செகண்ட்ஸ் விலைக்கு விற்றுக்கொள்வார். பொய் எழுதிய அவசரத்தில் எங்கள் இருவருக்கும் இது மறந்துபோயிருந்தது. எல்லாம் விமானத்தில் போயிருந்தது, ஒரு பீஸ்கூடக் குடோனில் இல்லை.

முதலாளி குழைந்தார். "அடுத்த ஆர்டர்ல சரி பண்ணிக்கலாங்கக்கா."

"இன்னிக்குப் பொழுதோட பதினெட்டுப் பேரு கை நீட்டுவாங்க. அவிககிட்ட அடுத்த ஆர்டர்னு சொல்ல முடியுங்களா? ஒண்ணு பீஸைக் கொடுங்க, இல்லாட்டிப் பணத்தைக் கொடுங்க. டெம்போ வாடகை ஓடிட்டிருக்குதுங்க."

பணம் கொடுத்தோம்.

திங்கட்கிழமை, அவர் பெயரை ஜாப் ஒர்க் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார் முதலாளி. எடுத்தேன். ஒழுங்காகத் தைத்தவருக்கு வேலை போனது. ஓட்டையை எழுதியவனுக்கு அந்த வருடமும் இன்கிரிமென்ட் வந்தது.

அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெபிட் நோட்டில் முதலாளி கையெழுத்துப் போடமாட்டார், நீங்கள்தான் போடுவீர்கள். காரணம் என்ற கட்டத்தில் எழுதப்போவதை, தைத்தவரை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் பேனாவை மூடிவிடுங்கள். நான் மூடவில்லை.