வாசலுக்கு மேலே எழுதியிருந்தது

பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தைத் திறந்து பூட்டுகிற காவலாளியை எல்லோரும் "தூண்காரர்" என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது படியேறி வந்து அண்ணாந்து பார்த்தால் போதும், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "இந்த எட்டுத் தூணும் எட்டுப் படிப்புங்க. மேல முக்கோணத்துல விளக்கோட நிக்கிறாளே, அவதான் அறிவு. அவ காலடியில பழைய மொழியில செதுக்கியிருக்கு பாருங்க, 'தேடி வர்றவங்களுக்கு இந்தக் கதவு அடைக்காது'ன்னு."

அதைச் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை; நம்பினார். தன் மகளின் சேர்க்கை விண்ணப்பம் ஒரு நாள் தாமதமானபோது, வாங்க மாட்டேன் என்று குமாஸ்தா ஒற்றைக்காலில் நின்றார். தூண்காரர் அவரை வாசலுக்கே கூட்டிவந்து கை நீட்டினார். "மேல என்ன எழுதியிருக்கு சார்? படிங்க." குமாஸ்தாவுக்கு அந்த மொழி தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

மகள் வரலாறு எடுத்தாள். இரண்டாம் வருஷம் அந்தப் பழைய மொழியும் பாடமாக வந்தது. ஒரு மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், படியில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அப்பா, இதுக்கு அர்த்தம் யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? இவ்வளவு பெரிய கட்டடத்துல நல்லதாத்தானே எழுதியிருப்பாங்க!"

"'தகுதி இல்லாதவன் உள்ளே வராதே'ன்னு இருக்குப்பா."

"சரியாப் படிம்மா."

மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதேதான். படிகளை இவ்வளவு உயரமாக வைத்ததே வருகிறவன் தன்னைச் சின்னவனாக நினைக்கத்தான் என்று வகுப்பில் சொன்னதையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

தூண்காரர் அந்த வாசலில் காவலுக்கு வந்து பத்தொன்பது வருஷம்! டப்பாவைத் திறந்தவர் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். "என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கான். அதுக்குக் கீழேயே நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருந்திருக்கேனே!"

மூன்று நாள், யாராவது அண்ணாந்து பார்த்தால் சாவிக்கொத்தோடு உள்ளே போய்விட்டார். நாலாம் நாள் ஒரு அம்மாள் மகளோடு ஏறிவந்து, "அங்க என்னங்க எழுதியிருக்கு?" என்றார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்த அம்மாள் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார்.

தூண்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னாலேயே ஓடினார். "நில்லுங்கம்மா! எழுதினவன் செத்து எவ்வளவோ காலமாச்சு. என் பொண்ணு இங்கதான் படிக்கிறா. வாங்க, அவ உக்கார்ற பெஞ்சையே காட்டுறேன்."

அந்த அம்மாள் அரை மனதோடுதான் திரும்பி வந்தார். இரண்டு நாள் கழித்து விண்ணப்பத்தோடு வந்தபோது அந்த அம்மாள் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. தூண்காரரும் பார்க்கவில்லை.