மைனியின் இடுப்பும் என் வாயும்

அது முப்பத்தொன்றாம் வருஷமா, முப்பத்திரண்டா என்று சரியாக நினைவில்லை. கொட்டாரம் என்கிற ஊருக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே எங்கள் வீடு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகாத பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை படித்திருந்தேன். படிப்பைவிட எனக்கு நன்றாக வந்தது வேறொன்று. யாரையாவது ஒரு தடவை பார்த்தால் போதும், அவர்கள் நடப்பது, இருமுவது, முந்தானையை இழுத்துச் செருகுவது எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டிவிடுவேன். கோயிலில் பாதிரியார் தும்முவதைச் செய்து காட்டி அம்மையிடம் அடி வாங்கியிருக்கிறேன். அடித்த அம்மையே அடுக்களைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதனால் அது ஒரு பெரிய சாமர்த்தியம் என்று எனக்கு நினைப்பு.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அம்மை, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அண்ணன், நான், அப்புறம் மைனி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூன்று வயது மூப்பு. வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அதிர்ந்து பேசத் தெரியாத பெண். வந்த நாள் முதல் கிணற்றில் தண்ணீர் கோருவதும் நெல் குத்துவதும் அவர் பொறுப்பாகிவிட்டன. நான் வாயாடிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை. துவைத்த துணியை இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்துப் படி ஏறிய மைனி, பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். படியின் விளிம்பு நடுமுதுகுக்குக் கீழே இடித்துவிட்டது. வைக்கோல் பரப்பி, மாட்டுவண்டியில் படுக்கவைத்து நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறியவில்லை, ஆனால் உள்ளே நன்றாக அடிபட்டிருக்கிறது என்றார்கள். மூன்று வாரம் பலகையில் படுக்கை.

மூன்று வாரம் கழித்துப் போனபோது ஒரு நர்ஸம்மா மைனிக்குச் சில அப்பியாசங்களைச் சொல்லிக் கொடுத்தார். கூடப் போயிருந்தவள் நான்தான். மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி மெதுவாக நெஞ்சுப் பக்கம் கொண்டுவர வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு இறக்க வேண்டும். பிறகு மற்ற கால். கடைசியில் இரண்டு காலையும் மடக்கி ஊன்றி, இடுப்பை மட்டும் ஒரு சாண் உயரம் தூக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும். எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று மைனி கேட்டார். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. நர்ஸம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு பரமண்டல ஜெபம் பைய சொல்லி முடிக்குத நேரம். அது போதும் கேட்டியளா" என்றார்.

இன்னும் சில கட்டளைகள் இருந்தன. வலி காலுக்குள் சுரீர் என்று இறங்கினால் அந்த நிமிஷமே நிறுத்திவிட வேண்டும். வலிக்கிறதே என்று ஒரேயடியாகப் படுத்துவிடவும் கூடாது. தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குனிந்து எதையும் தூக்கக் கூடாது. குடம் கூடாது, உலக்கை கூடவே கூடாது. இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

மைனி ஒரு நாள் விடாமல் செய்தார். விடியும்போதே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பலகையில் படுத்துவிடுவார். உள்ளிருந்து ஜெபம் முணுமுணுவென்று கேட்கும். ஐந்து வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு கோயிலுக்கு நடந்தே போய் வந்தார். அண்ணன் முகத்தை அன்று பார்க்க வேண்டுமே!

எனக்கோ வயிற்றெரிச்சல். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மைனி செய்த வேலை முழுவதும் என் தலையில் விழுந்திருந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம் தண்ணீர். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயிற்று. நான் கிணற்றடியில் கயிறு இழுக்கும்போது அவர் கதவைச் சாத்திக்கொண்டு காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறார் என்ற ஆத்திரம் எனக்கு. ஒரு நாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடி, ஒரு காலை மார்போடு மடக்கி, உதடு அசைய ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருந்தது. முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயறு பொறுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏட்டி, ஒனக்க மைனி எங்க? கதவடச்சிட்டு என்னமோ செய்யாளாமே" என்று கேட்டாள். அவ்வளவுதான், எனக்குக் கேட்கவா வேண்டும்! முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அங்கேயே மல்லாந்து படுத்தேன். ஒரு காலை மடக்கித் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு, மைனியின் மெல்லிய குரலில், மூச்சு வாங்க வாங்க, பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். நடு நடுவே "அம்மோ, அய்யோ" என்று முனகலும் சேர்த்துக்கொண்டேன். அந்த முனகல் என் சொந்தச் சரக்கு. மைனி ஒரு நாளும் முனகியதில்லை.

பெண்கள் உருண்டு சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. அடுத்த வீட்டு மாமி மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "கர்த்தருக்க ஜெபத்தச் சொல்லிட்டு காலத் தூக்கிட்டுக் கெடக்கவா? பாவமில்லா!" என்றாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. கண்ணைத் திறந்தேன். கருப்பட்டிக் காப்பிச் செம்போடு மைனி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

அவரும் சிரித்தார். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று எனக்குத் தெரியும். புது இடத்தில் எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரித்துவைக்கிற சிரிப்பு. காப்பியை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்த அறைக் கதவு சாத்தப்படவில்லை. மறுநாள் விடியற்காலையிலும் இல்லை. பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். நான் பார்த்தேன். ஏன் மைனி செய்யவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நான் செய்த கூத்தைப் பற்றியும் பேச வேண்டி வருமே.

நாலாம் நாள் அரிசி இடிக்க வேண்டும். பண்டிகைக்குக் கூலிக்கு இடிக்கச் சொல்லியிருந்தவள் காய்ச்சலில் கிடந்தாள். ஊறவைத்த அரிசியை உரலில் கொட்டிவிட்டு, யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கும்படி, "வீட்டுல ரெண்டு பொம்பளையளு இருக்கோம், உலக்க மட்டும் எனக்க கையிலதான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சல்லடை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் மைனி உரல் பக்கத்தில் நிற்கிறார், கையில் உலக்கையோடு.

இங்கேதான் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நர்ஸம்மா சொன்னது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனாலும் சல்லடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு குத்து குத்தட்டுமே, உடம்பு வணங்கட்டுமே என்று ஒரு கேடுகெட்ட எண்ணம். ஒன்று, இரண்டு என்று குத்து விழுந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். உலக்கை அவர் கையை விட்டுச் சாய்ந்தது. மைனி அலறவில்லை. உரலின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே முட்டி போட்டார்.

"ஏட்டி... வலத்தே காலு எனக்க காலு மாதிரியே இல்லட்டி."

மறுபடியும் மாட்டுவண்டி, மறுபடியும் வைக்கோல். அதே நர்ஸம்மா காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஊசி முனையால் குத்தினார். முழங்காலுக்குக் கீழே பல இடங்களில் மைனிக்குத் தெரியவில்லை. நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது. "அப்பியாசத்த ஏன் விட்டிய? உலக்கையத் தொடப்பிடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யாரு இடிக்கச் சொன்னது?" என்று கேட்டார். அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். மைனி என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஆருஞ் சொல்லல்ல. மேலு சுகமாயிட்டுன்னு நானாத்தான் எடுத்தேன்" என்றார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரையே சிரிக்கவைத்த வாய் அன்று ஒட்டிக்கொண்டது. அண்ணன் மைனியைத் திட்டினார், வாழ்க்கையில் முதல் தடவையாக. மைனி கேட்டுக்கொண்டு கிடந்தார். இனி நடப்பாரா என்று வெளியே வந்து அண்ணன் கேட்டதற்கு, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. ஆறு வாரம் மைனி அசையாமல் கிடந்தார். குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான் செய்தேன். பார்த்தவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைக்கும் என்றாள் அடுத்த வீட்டு மாமி. எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது.

ஆறு வாரம் முடிந்து, அப்பியாசத்தை மறுபடி தொடங்கலாம் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். மைனி மாட்டேன் என்றுவிட்டார். அண்ணன் கெஞ்சினார், அம்மை கெஞ்சினாள். தலையைத் தலையை ஆட்டினார். அவர்கள் போனபிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் மக்கா, பாக்கப்பட்டவங்க சிரிப்பாங்க" என்றார். அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் என்னை உடைத்துவிட்டது. அவர் காலில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "கதவச் சாத்துட்டி" என்றார்.

சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வலது காலைத் தானாகத் தூக்க அவருக்குத் தெம்பு இல்லை. குதிகாலை என் உள்ளங்கையில் தாங்கி, முழங்காலை மெதுவாக மடக்கினேன். நேரத்துக்கு நானே ஜெபம் சொன்னேன். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொன்ன ஜெபம்தான். மன்னிப்பைக் கேட்கிற வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. அந்த வரியில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி, நமக்குத் தப்பு செய்தவர்களை நாம் மன்னிப்பது. அடுத்தது, நமக்கு மன்னிப்புக் கேட்பது. நான் நிற்கிறேன், மைனியின் கால் என் கையில் நடுங்குகிறது.

மைனி என் முகத்தைப் பார்த்தார். முதல் பாதியை அவர் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மற்ற பாதியை நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

எட்டு மாதம் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் செய்தோம். மைனி நடந்தார். இரண்டு பிள்ளைகளும் பெற்றார். ஆனால் வலது கால் கடைசிவரை கொஞ்சம் இழுத்துக்கொண்டேதான் வந்தது. மைனி தானாக உலக்கையை எடுத்ததால் வந்த வினை என்றே அண்ணன் சாகும்வரை நம்பியிருந்தார். மைனி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது அண்ணனும் மைனியும் இல்லை, அதனால்தான் எழுதத் துணிந்தேன் என்றால் அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

மைனி என்னை மன்னித்துவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூத்தடித்ததைக்கூட அறியா வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நிறுத்தியிருப்பார் என்று தெரிந்தும், சல்லடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குத்தாக எண்ணிக்கொண்டு நின்றேனே, அந்தப் பெண்ணை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.