ஊசி போட்ட மறுநாள் வந்த பல்வலி

ஊரடங்கு போட்டிருந்த அந்த வைகாசியில் தோட்டத்து வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போன மனைவி, பஸ் நின்றுபோனதால் அங்கேயே தங்கிவிட்டாள். கறவை மாடு இரண்டையும் விட்டுவிட்டு என்னாலும் கிளம்ப முடியவில்லை. காலையில் எருமப்பட்டி சொசைட்டிக்குப் போய்ப் பால் ஊற்றுவேன். முகமூடி போட்டவர்களிடம் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். சாயங்காலம் மனைவி போனில் கூப்பிடும்வரை பேச்சு அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். சாயங்காலம் கை கனத்தது, உடம்பு சுட்டது. எல்லாருக்கும் வருவதுதான் என்று படுத்துவிட்டேன். மறுநாள் பல் தேய்க்கும்போது இடது கடவாய்ப் பல்லில் சுரீரென்றது. பல வருஷமாகச் சொத்தையாய்க் கிடந்த பல். மதியத்துக்குள் காது வரைக்கும் தெறித்தது.

வலி மாத்திரையை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்கு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, கன்னத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"மாத்திரை கீத்திரை போட்டுறாதீங்க! ஊசி மருந்தும் அதும் ஒத்துக்காதாமுங்க. நெஞ்ச அடைக்குமாம். போன்ல வந்துச்சு."

எனக்கும் பயம் வந்துவிட்டது. ஏதாவது ஆனால் பார்க்கக்கூட ஆள் இல்லை. மாத்திரையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுக் கிராம்பைக் கடித்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு வழக்கம்போல மனைவி கூப்பிட்டாள். வாயைத் திறந்தால் காற்றுப் பட்டே வலித்தது. சொன்னால் எப்படியாவது இ-பாஸ் வாங்கிக் கிளம்பிவிடுவாள். அங்கே பச்சை உடம்புக்காரியை யார் பார்ப்பது? அவள் கேட்டதற்கெல்லாம் "ம்" போட்டேன்.

"கோவமா இருக்கறீங்களா? நானென்ன வேணுமின்னா இங்க உக்காந்திருக்கறன்?"

"ம்ஹூம்."

"அப்பறம் பேசறதுக்கென்னங்க? வாயில கொழுக்கட்டையா?"

வைத்துவிட்டாள். போனைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை டீயைக்கூட விழுங்க முடியவில்லை. மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துத்தான் பால் கறந்தேன். பத்து மணிவாக்கில் சுகாதார நிலையத்து நர்ஸ் போன் செய்தார். ஊசி போட்டவர்களையெல்லாம் வரிசையாக விசாரிக்கிறாராம்.

"காய்ச்சல் ஏதாச்சும் இருக்குங்களா ஐயா?"

காய்ச்சல் விட்டுவிட்டது, பல்தான், என்று முனகினேன். மாத்திரை போடப் பயந்ததையும் சொன்னேன்.

"அடக் கடவுளே, அதுக்காகவா பொறுத்துக்கிட்டு இருக்கீங்க? என்ன மாத்திரை, அட்டையப் பாத்துப் படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாரசிட்டமால். ஈரல், கிட்னி தொந்தரவு உண்டா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சாப்பிட்டுட்டு ஒண்ணு போடுங்க. வலி நிக்கலைன்னா ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. ஊசிக்கு அதனால ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா பல்லு டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். போனை ஊட்டுல யார்கிட்டயாவது குடுங்க, சொல்லிடறேன்."

"யாருமில்லீங்க."

தனியாக இருந்த அந்த ஒன்றரை மாதத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"சரிங்க ஐயா, மொதல்ல சாப்பிடுங்க."

பழைய சோற்றில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்து மாத்திரையைப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் வலி இறங்கியது. உடனே மனைவியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏழு மணிக்கும் போன் வரவில்லை. எட்டு மணிக்கு நானே மறுபடியும் அடித்துச் சொன்னேன்.

"கோவமில்லீம்மா. பல்லு வலி."

திட்டினாள். பிறகு அழுதாள். அதற்குள் குழந்தை வீறிட்டது, வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் நாமக்கல்லில் பல்லைப் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன். அவள் வந்து சேர ஆடி பிறந்துவிட்டது.