அப்பா தட்டிப் பார்த்த படகு

எனக்குக் காது குத்திய அன்றுதான் அம்மா கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து மாமா வந்து சேர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று அப்பா தன் மடியிலேயே என்னை இருத்திக் காரியத்தை முடித்துவிட்டார். சீர்த்தட்டோடு வந்த மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. அம்மா விறுவிறுவென்று கரைக்கு இறங்கினாள். எங்கள் படகிலேயே ஏறித் தன் அண்ணனான மாமாவோடு போய்விட்டாள். பின்னால் ஓடிய என்னை அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "புள்ள இங்க இருந்தாத்தான் ரெண்டு நாள்ல தானா வருவா" என்றாள். நன்றாக வந்தாள்! படகு மட்டும்தான் திரும்பி வந்தது.

தை போய் மாசியும் வந்துவிட்டது. எனக்கு ஆறு வயது. பகலெல்லாம் எப்படியோ போய்விடும். விளக்கு வைத்ததும் அம்மா வேண்டும். கொடியில் கிடந்த அவள் பழம்புடவையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுவேன். அதை மட்டும் துவைக்கக் கூடாது என்று அத்தையிடம் பெரிய சண்டையே போட்டிருக்கிறேன்.

"படகு பழசாயிடுச்சு பாப்பா. செப்பம் பண்ணிட்டு, நாமளே போயி அம்மாவ அழைச்சிட்டு வந்துடுவோம்" என்றார் அப்பா. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

கரையில் இலுப்பை மரப் படகைக் கவிழ்த்துப் போட்டு, அப்பா கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டினார். மேலே தார் பூசியிருப்பதால் உளுத்தது கண்ணுக்குத் தெரியாது. நல்ல பலகை 'ணங்' என்னும், உளுத்தது 'பொத்' என்னும். சந்தேகம் வந்தால் கோணியூசியை வைத்து அழுத்துவார். உள்ளே இறங்கினால் அங்கே ஒரு சுண்ணாம்புப் பொட்டு. மூன்று பலகைகள் அப்படி அகப்பட்டன. மாற்றியாயிற்று. ஆனாலும் மறுநாள் மறுபடி தட்டுவார், மறுபடி பொட்டு வைப்பார். யுத்த காலம், தார் கிடைக்கவில்லை என்று அதற்கொரு மாதம் போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அப்பா சாப்பிடப் போன சமயம் பார்த்து, எச்சிலைத் தொட்டு எல்லாப் பொட்டையும் அழித்துவிட்டேன். பொட்டு இல்லையென்றால் உளுத்தது இல்லை, உளுத்தது இல்லையென்றால் அம்மா. என் மூளை அவ்வளவுதான். திரும்பி வந்த அப்பா என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார். திட்டவில்லை. பழையபடி பொட்டு வைக்க ஆரம்பித்தார்.

கொட்டாப்புளியைப் பிடுங்கி நானே தட்டினேன். எல்லாம் 'ணங்' என்றுதான் கேட்டது.

"நல்லாத்தானேப்பா இருக்கு!"

"வெளியில அப்படித்தான் கேக்கும். உள்ளாற இருக்கும் பாப்பா" என்று சொல்லிவிட்டு அக்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

சோறு கொண்டுவரும் அத்தைக்கும் அலுத்துவிட்டது. "ஏன் தம்பி, அந்தக் கட்டைய இன்னும் எத்தன நாளைக்குத் தட்டிக்கிட்டே இருப்ப? அவ வரணுமா வேணாமா?" என்று கேட்டாள். அப்பா கோணியூசியை எடுத்து அடுத்த பலகையில் வைத்து அழுத்தினார்.

ஆடியில் தண்ணீர் வந்தது. படகை இறக்கினோம். அப்பாவே துடுப்புப் போட, நான் முன்பக்கம் நின்றுகொண்டு "அம்மா, அம்மா" என்று நடு ஆற்றிலிருந்தே கத்தினேன்.

அம்மா இளைத்திருந்தாள். என்னை வாரி எடுத்து, காதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு, என்னைக் கேட்பதுபோல் அப்பாவைக் கேட்டாள்.

"மாசியிலேருந்து ஆத்துல வெறும் மணலுதானடி கெடந்துது? ஊரே நடந்து வந்துட்டுப் போச்சு. நானுந்தான் தெனம் கரையில வந்து நின்னேன். ஒங்கப்பாவுக்கு மட்டும் கால் வரலியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாங்கள் பட்ட பாடு இவளுக்கு என்ன தெரியும்?

"மணல்ல எப்புடிம்மா படகு வரும்?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படகுதான் ஒரு சொட்டு ஒழுகாமல் வந்து சேர்ந்துவிட்டதே, இன்னும் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.