அவன் கையிலிருந்து பந்தை வாங்கியவள்

பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பெற்றோர் வரக்கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தால் முதல் கையெழுத்து நான்தான் போடுவேன். நானும் ஒரு தாய்தான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறுவர் பேஸ்போல் அணிக்கு மூன்று பருவங்கள் சம்பளமில்லாத கோச்சாக இருந்தேன். 2009இல் தொடங்கியது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் கொடுத்த துண்டுக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து, இதில் சேரப்போகிறேன் என்று நின்றாள். "கிரிக்கெட் இருக்க இதென்ன கோதாரி விளையாட்டு?" என்றார் கணவர். ஆனாலும் பதிவு நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு மடக்கு மேசை போட்டிருந்தார்கள். பத்து வயதுக்கு உட்பட்ட அணிக்குக் கோச் இல்லை, யாராவது முன்வராவிட்டால் அணியே இல்லை என்று கிளப் செயலாளர் அறிவித்தார். சுற்றி நின்ற பெற்றோர் அத்தனை பேருக்கும் அந்த நிமிடத்தில் தொலைபேசியில் ஏதோ அவசரம் வந்தது. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் நான் பாடசாலை எல்லே அணியில் இருந்தவள். கம்பால் பந்தை அடித்துவிட்டுக் கம்பத்துக்குக் கம்பம் ஓடும் விளையாட்டு அது. இதற்கும் அதற்கும் பெரிய தூரம் இருக்காது என்று நினைத்துக் கையை உயர்த்தினேன். செயலாளர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு வாளி நிறையப் பந்துகளும் ஒரு தொப்பியும் தந்தார்.

என்னோடு இன்னொருவரும் கை தூக்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், குழாய் வேலை செய்பவர். அணியில் அவருக்குப் பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. இளவயதில் பேஸ்போல் ஆடியிருக்கிறார் என்பதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. முதல் வாரமே தன் வேனின் பின்கதவைத் திறந்து, குழாய்க்குப் போடும் ரப்பர் வளையங்களை ஆட்டக்காரர்களாக அடுக்கி எனக்கு விதிகளைச் சொல்லித் தந்தார். பாதி விளங்கியது. மீதியை நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தில் படித்தேன்.

எங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். எல்லாப் பிள்ளைகளும் அடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் மாற வேண்டும். விரும்பிய எவரும் ஒரு நாளாவது பிட்சராக நடுமேட்டில் நின்று பந்து எறிய வேண்டும். அப்படி ஆடி முதல் பருவத்தில் தோற்றோம், இரண்டாம் பருவத்தில் கொஞ்சம் குறைவாகத் தோற்றோம். ஒருவன் பட்டாம்பூச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பந்து அவன் காலுக்கிடையால் போகும். ஒருவரும் கோபிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் நீலக் கதிரைகளை விரித்துப் போட்டுக்கொண்டு கோப்பி குடித்த அந்தப் பெற்றோரை நான் நல்ல மனிதர்கள் என்று நம்பினேன்.

மூன்றாம் பருவத்தில், அணி பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிரிவுக்கு ஏறியபோது, ஒரு பையன் வந்து சேர்ந்தான். பதினொரு வயது. வேறு கிளப்பிலிருந்து வந்தவன். அவன் எறிந்த முதல் பந்தைப் பிடித்த குழாய்வேலைக்காரர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தார். அவ்வளவு வேகம். அவனுடைய அப்பா கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. நான் தமிழ் என்று தெரிந்ததும் ஓடி வந்தார்.

"நம்ம ஆளுங்களே கோச்சா இருக்கறது எவ்வளவு சந்தோஷமா இருக்குதுங்க மேடம். பையனை உங்ககிட்ட விட்டாச்சு. இனி எனக்குக் கவலையே இல்லை."

கவலை இல்லாத அந்த மனிதர் அடுத்த சனிக்கிழமை, பந்தின் வேகத்தை அளக்கும் துப்பாக்கி போன்ற ஒரு கருவியோடு வந்து வலைக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு எறிக்கும் ஒரு எண்ணை உரக்கச் சொன்னார். எண் குறைந்தால் பையனின் தோள் இறங்கும். அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவனை இலவசமாகப் படிக்கவைக்கும் என்பது அவருடைய திட்டம். பையனுக்கு இன்னும் பால் பற்கள் இரண்டு மிச்சம் இருந்தன.

அவன் எறிய எறிய நாங்கள் வென்றோம். வென்றதும் எல்லாம் மாறத் தொடங்கியது. கதிரைகள் கோட்டுக்கு அருகே நகர்ந்தன. நடுவராக நின்ற பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து ஒரு தகப்பன் "கண் இல்லையா?" என்று கத்தினார். பந்தைத் தவறவிட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னொரு பிள்ளையின் தாய் உச்சுக் கொட்டினார். அடிக்கத் தெரியாதவர்களை எதற்கு அடிக்க விடுகிறீர்கள் என்று மின்னஞ்சல்கள் வந்தன.

நான் மட்டும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். வெல்வது எனக்கும் பிடித்திருந்தது. ஒரு நாள் மகளின் சிநேகிதி ஒருத்தியை மூன்று சுற்று ஓரத்து வாங்கில் உட்கார வைத்தேன். அவளுக்கு ஓட வராது. வீட்டுக்குப் போகும்போது மகள் பின் இருக்கையிலிருந்து இங்கிலீஷில் கேட்டாள், "அவள் ஏன் விளையாடவில்லை?" களைத்துப் போனாள் என்று பொய் சொன்னேன். இன்னொரு நாள் உயரே வந்த பந்தை மகள் விட்டுவிட்டாள். "எருமை! கண்ணை எங்க வச்சிருக்கிறாய்?" என்று மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். தமிழில் கத்தியதால் யாருக்கும் விளங்காது என்று நினைத்தேன். விளங்க வேண்டியவளுக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு பழைய முறைக்கே திரும்பினோம். எல்லாரும் அடிக்கட்டும், எல்லாரும் எறியட்டும் என்று குழாய்வேலைக்காரரும் நானும் முடிவெடுத்தோம். ஒரு வாரத்தில் கிளப்புக்கு ஒரு கடிதம் போனது. நான் பேசும் இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை, ஆகவே பயிற்சி பாதிக்கப்படுகிறது என்று எழுதி நான்கு பெற்றோர் கையெழுத்து வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் என் இங்கிலீஷில்தான் அவர்களின் பிள்ளைகள் ஓடினார்கள், சிரித்தார்கள், காலில் அடிபட்டு என்னிடம் வந்து அழுதார்கள். நான்காவது கையெழுத்து கோயம்புத்தூர்க்காரருடையது.

கடிதத்தைக் கணவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"உமக்கு விசரே? ஒரு சதம் தராதவங்களிட்ட ஏன் பேச்சு வாங்குறீர்? நாளைக்கே விட்டிட்டு வாரும்."

"அரையிறுதி முடிய விடுறன்."

"அதென்ன, உமக்கும் அரையிறுதி ஆசை வந்திட்டுதோ?"

வந்துவிட்டிருந்தது என்பதுதான் உண்மை.

2012 மார்ச் மாதம் அரையிறுதி. கோடை முடிந்தும் வெயில் விடவில்லை. பையன்தான் எறிந்தான். ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை முறை எறியலாம் என்று கணக்கு உண்டு. எறிந்த பிறகு கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் விதி உண்டு. எண்ணிக்கைக்கு இன்னும் இடம் இருந்தது. நாங்கள் ஒரு ஓட்டத்தால் முன்னால் நின்றோம், கடைசிச் சுற்று, எதிரணியில் இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் இறுதிப் போட்டி. அப்போதுதான் கண்டேன், ஒவ்வொரு எறிக்குப் பிறகும் பையன் முழங்கையின் உட்பக்கத்தைத் தொடையோடு வைத்துத் தேய்த்தான்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை செய்பவள். நோகிறது என்று சொல்லப் பயப்படும் பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிறேன். நடுவரிடம் நேரம் கேட்டு மேட்டுக்குப் போனேன்.

"கை நோகுதோ?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. வலைக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தான். "இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்று இங்கிலீஷில் சொன்னான்.

"நேற்று எங்கையாவது எறிஞ்சனியோ?"

அவன் உதட்டைக் கடித்தான். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் முன்தேர்வு என்று முணுமுணுத்தான். முதல் நாள் பின்னேரம் முழுக்க எறிந்திருக்கிறான். அப்பா சொல்ல வேண்டாம் என்றாராம். நான் கையை நீட்டினேன். அவன் பந்தை என் உள்ளங்கையில் வைத்தான்.

அப்பா வலைக் கதவைத் திறந்துகொண்டு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க? இன்னும் ரெண்டே அவுட்டுங்க!"

"அவனுக்குக் கை நோகுது. இனி எறிய விடமாட்டன்."

"நோகலைன்னு அவனே சொல்றானே. நீங்க யாருங்க அதை முடிவு பண்ண?"

"கோச். நேற்று எறிஞ்சதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "புரியுதுங்க. உங்க பொண்ணு கையில பந்தைக் குடுக்கணும், அதானே?"

அன்றைய வரிசையில் அடுத்து எறிய வேண்டியவள் என் மகள்தான். அந்த வரிசையைக் காலையிலேயே குழாய்வேலைக்காரர் எழுதி மாட்டியிருந்தார். அதைச் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது வேறு.

"உங்களுக்கு ஏலாமல் போனதுக்கு இந்தப் பிள்ளையின்ர கையை முறிக்காதையுங்கோ."

பையன் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றான். அவனுக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

நடுவர் பெண் அப்பாவை வெளியே போகச் சொன்னாள். மகள் மேட்டுக்கு வந்தாள். முதல் ஆளுக்கு எறிந்த ஒன்றும் நேரே போகவில்லை, விதிப்படி அவன் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போனான். இரண்டாமவன் அடித்த பந்து வேலியில் போய் மோதியது. இருவரும் ஓடி வந்து இரண்டு ஓட்டம் எடுத்தார்கள், தோற்றோம். அவள் தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. பிள்ளைகளுக்கு வெட்டி வைத்த தோடம்பழத் துண்டுகளோடு நின்ற ஒரு தாய், நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அருகில் வந்ததும் ஒரு துண்டை எடுத்து என்மேல் எறிந்தாள். தோளில் பட்டு விழுந்தது. அந்தப் பெண்ணின் மகனை எத்தனையோ நாள் நான் என் காரில் வீடு கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அவளைப் பார்த்துக் குழாய்வேலைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அச்சில் போட முடியாத வார்த்தை. எனக்கு அது தேன் மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் கிளப் அறையில் எங்களை விசாரித்தார்கள். தோடம்பழம் எறிந்தவளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தகாத சொல் சொன்னதற்காகக் குழாய்வேலைக்காரருக்கு எழுத்தில் எச்சரிக்கை. ஒரு பெற்றோரைப் பிள்ளையின் முன்னால் அவமதித்ததற்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். பையன் முதல் நாள் எறிந்ததைச் சொன்னேன். அது குடும்பத்துக்குள் உள்ள விஷயம், கிளப் தலையிட முடியாது என்றார் தலைவர். பிள்ளையிடம் வேண்டுமானால் கேட்கிறேன், தகப்பனிடம் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாளியையும் தொப்பியையும் மேசையில் வைத்தேன். பிள்ளையிடமும் பிறகு நான் கேட்கவில்லை. கேட்கும் வாய்ப்பை நான் தேடவில்லை.

குழாய்வேலைக்காரரும் என்னோடு வெளியே வந்தார். வேனில் சாய்ந்து நின்று, முதல் தடவையாகத் தன் மகனைப் பற்றிச் சொன்னார். நன்றாக ஆடியவனாம். இவரே கோச்சாக நின்று விரட்டி விரட்டி ஆட வைத்தாராம். பதினைந்து வயதில் கையுறையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனவன், இப்போது பேர்த் நகரில் இருக்கிறானாம். கிறிஸ்மஸுக்கு மட்டும் தொலைபேசியில் பேசுவானாம்.

"இந்த முறையாவது சரியாகச் செய்யலாம் என்று பார்த்தேன்" என்றார்.

அதன் பிறகு அவரை நான் காணவில்லை. எங்கள் வீட்டுக் குசினிக் குழாய் ஒழுகியபோது கூப்பிட நினைத்தேன், அவருடைய தொலைபேசி எண்ணைக்கூட எடுத்தேன். கூப்பிடவில்லை.

மகள் அடுத்த பருவத்துக்குப் பதியவில்லை. ஏன் என்று கேட்டேன். "முதல் வருஷம் நல்லா இருந்தது, அம்மா" என்றாள். நீச்சலுக்குப் போகிறேன் என்றாள். சம்மதித்தேன். ஆனால் நான் கரைக்கு வரக்கூடாது, வெளியே காரிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். அப்படியே இருந்தேன். அதுவும் நல்லதுதான்.

2013இல் ஒரு பின்னேரம், வேலையில் அடுத்த படிவத்தை எடுத்தபோது அந்தப் பையனின் பெயர் இருந்தது. வலது முழங்கை. வேறொருவரிடம் மாற்றிக் கொடுத்திருக்கலாம், ஆனால் அன்றைக்கு என்னோடு இருந்தவள் தேநீருக்குப் போயிருந்தாள். அவன் ஒரு சாண் வளர்ந்திருந்தான். "ஹாய் கோச்" என்றான். கையை மேசையில் வைத்து, வேண்டிய கோணத்துக்கு மெல்லத் திருப்பினேன். முழுக்க நீட்ட அவனால் முடியவில்லை. "அசையாதே" என்றேன். படம் திரையில் வந்தது. அதில் என்ன இருந்தது என்று எழுத என் தொழில் இடம் தராது.

கதவைத் திறந்தேன். நடைபாதையில் அப்பா எழுந்து நின்றார். ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டோம். அவர் முகம் காய்ந்து போயிருந்தது. கையில் தொலைபேசியும் இல்லை, எதுவும் இல்லை.

"மேடம்... ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"டொக்டர் சொல்லுவார்."

எக்ஸ்ரே எடுக்கும் எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். வேறு சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஒரு நாளில் பத்து இருபது முறை அதைச் சொல்கிறேன், பயந்து போனவர்களுக்கு அதையே தோளில் கை வைத்துச் சொல்லியும் இருக்கிறேன். அவருக்கு அப்படிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.